இழுப்பறை

ஜெனிட்சாவில் பனிக்காலக் காலை.
உருக்காலைப் புகை எங்கே முடிகிறது,
மூடுபனி எங்கே தொடங்குகிறது என்று
சுகாதார நிலையத்தின் ஜன்னலிலிருந்து சொல்ல முடியாது.

என் மேசைக்கு மூன்று இழுப்பறைகள்.
மேலே மருந்துச் சீட்டுகள்.
நடுவில் மூச்சுக் கருவிக்கான அட்டைக் குழாய்கள்.
அடியில்
லைட்டர்கள்.

ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரித் துண்டு, பெயர், தேதி.
முதலில் தந்தவள் ஒரு பேக்கரிக்காரி.
"நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்,
வீட்டில் இருந்தால் கை சும்மா இராது."
ஆறு வருடத்தில் எண்பத்துமூன்று சேர்ந்துவிட்டன.
டாக்டர் ஸ்லாவிட்சா சொல்வார்:
இந்தக் கட்டிடம் எரிந்தால்
காரணம் நீதான், ரெஃபிகா.

ஹில்மியா அக்டோபரில் முழங்கால் வலிக்கு வந்தார்.
ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிக்கொண்டே கேட்டேன்,
சாப்பாட்டில் உப்பு எவ்வளவு என்று
எல்லோரிடமும் கேட்கிற அதே குரலில்:
எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்?
"எழுந்த பிறகா?
அது இல்லாமல் எப்படி எழுவது?"

போர்க்காலத்தில் அவருக்குச் சம்பளமே சிகரெட்தானாம்.
ஒன்றைக்கூடப் பற்றவைக்கவில்லை.
எல்லாம் மாவாயிற்று, எண்ணெயாயிற்று,
ஒருமுறை மகளுக்கு இடதுகால் பெரிதான ஒரு ஜோடி பூட்ஸ்.
"சமாதானம் வந்த பிறகுதான் பிடிக்க ஆரம்பித்தேன்.
அதுவரை அது பணம், நர்ஸ்.
பணத்தை யாராவது கொளுத்துவார்களா?"

வெளியே ஒன்பது பேர்.
காதுவலிக் குழந்தை ஒன்று சுவரை உதைத்துக்கொண்டிருக்கிறது.
எங்களுக்கு ஏழு நிமிடம்.
மூச்சை இழுத்துப் பிடியுங்கள், பதினைந்து எண்ணுகிறேன்.
ஒன்பதில் இருமல்.
மறுபடி. இப்போது விடுங்கள், மெதுவாக.
முப்பத்தொன்று.
"என் வயதில் பாதிகூட இல்லையே" என்றார்.

மூச்சை விடு, புகையை விடு, பழக்கத்தை விடு.
மூன்றுக்கும் ஒரே சொல்தான் இருக்கிறது என்னிடம்.
மூன்றாவது தடவை சொல்லும்போது மட்டும்
எதிரில் இருப்பவர் ஜன்னலைப் பார்க்கிறார்.

பட்டைகள் எழுதித் தந்தோம்.
நவம்பர் மூன்றில் பித்தளை லைட்டரைத் தந்தார்,
கால்பந்து அணியின் சின்னம் கட்டைவிரலில் தேய்ந்துபோனது.
பத்தொன்பதில் தொப்பியைக் கையில் பிடித்தபடி
வாசலில் நின்றார்.
ஏன் என்று கேட்கவில்லை. எடுத்துக் கொடுத்தேன்.
அட்டையில் விட்டார், குறைத்தார், மீண்டும் தொடங்கினார்
என்று மூன்று கட்டங்கள்.
தொப்பிக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்: செவ்வாய், எட்டு நாற்பது.

டிசம்பரில் தந்தார். புத்தாண்டுக்கு வாங்கிப்போனார்.
பிப்ரவரியில் தந்தார்.
பிளாஸ்திரியில் தேதி எழுத இடமில்லாமல்
மேலே இன்னொன்று ஒட்டினேன்.

ஏப்ரலில் ஒருநாள் செருப்பெல்லாம் மண்ணாக வந்தார்.
தம்பியைப் புதைத்துவிட்டு நேராக.
உட்காரவில்லை.
"கொடு."

கொடுத்தேன்.
கதவருகே, என் முன்னாலேயே, தட்டினார்.
பொறி வந்தது. சுடர் வரவில்லை.
மறுபடி தட்டினார், மறுபடி.
"காலி பண்ணிவிட்டாயா?"
இல்லை. சும்மா கிடந்தால் தானாகவே போய்விடும்.

அவர் உட்கார்ந்த விதத்தில்
நாற்காலி சுவரில் இடித்தது.
நான் சொல்லாமலே நடு இழுப்பறையைத் திறந்து
ஒரு குழாயை எடுத்து மாட்டினார்.
பதினைந்தையும் அவரே எண்ணினார், விரல்களால்,
இடையில் ஒரு விரலில் நின்று
தொடர்ந்தார்.

ஐந்து.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
"அவனுக்கு எவ்வளவு இருந்திருக்கும்?"
தெரியாது என்றேன்.
தம்பி ஒருநாளும் இங்கே வந்ததில்லை.

போகும்போது லைட்டரைப் பையில் போட்டுக்கொண்டார்.
"எதிர்க் கடையில் அரை மார்க்குக்கு காஸ் நிரப்புகிறான்."
தெரியும் என்றேன்.
ஓரத்தில் எழுதினேன்: செவ்வாய், எட்டு நாற்பது.
அடுத்தவரைக் கூப்பிட்டேன்.